விருந்தாளியைச் சங்கடப்படுத்தாத பலகாரம்

(நமது டிரஸ்டின் மாதாந்திர மகளிர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





ரமளான் நெருங்குகிறது. வெள்ளைச் சர்க்கரை சேர்க்காமல் வீட்டிலேயே பலகாரம் செய்வது பற்றி இன்று பேச விரும்புகிறோம். அடுப்படி விஷயத்தில் டிரஸ்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் வயதான ஒரு தாயார் இன்சுலின் வாங்க உதவி கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். நல்ல வெயில். உட்கார வைத்து, மனுவை நிரப்பிக் கொடுத்து, ஒரு தம்ளர் ரோஸ் சர்பத்தும் கொடுத்தோம். அவரும் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இன்சுலினுக்கு உதவி கேட்டு வந்தவர் கையில் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறோம்! உதவி கேட்டு வந்த இடத்தில் கொடுப்பதை எப்படி மறுப்பது என்று அவர் நினைத்திருப்பார். தவறு எங்களுடையது.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. விருந்தாளிக்கு இனிப்பு வைப்பது நம் அன்பு. வேண்டாம் என்றால் நமக்கு மனம் வாடுகிறது. ஆகவே நோயுள்ளவரும் நமக்காகச் சாப்பிட்டு விடுகிறார். மறுக்க வேண்டிய சங்கடத்தை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? மாற்றம் பரிமாறும் கையில் இருந்து தொடங்கட்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். உணவில் சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது ஏறத்தாழ 6 டீஸ்பூன் அளவுக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. இரண்டு ஸ்பூன் போட்ட டீயை மூன்று வேளை குடித்தால் அதிலேயே கணக்கு முடிந்தது. பிஸ்கட்டும் மிட்டாயும் அதற்கு மேல்தான். பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று அச்சிட்டிருக்கும். வாங்கும்முன் அதைப் படியுங்கள்.

இனி, எளிதான ஒரு பலகாரம். ஒரு கப் வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்குங்கள். அரை கப் கறுப்பு எள்ளைப் படபடவென்று பொரியும்வரை வறுங்கள். இரண்டும் ஆறியபின் மிக்ஸியில் விட்டுவிட்டுப் பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுவிடும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 15, இரண்டு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மறுபடி ஒரு சுற்று சுற்றி, சூடில்லாமலே உருட்டலாம். பெரிய நெல்லிக்காய் அளவில் சுமார் 20 உருண்டை வரும். ஓர் உருண்டைக்கு ஒரு பழம்கூட முழுதாகச் சேராது. சின்னப் பிள்ளைகளுக்குக் கடலை நன்றாகப் பொடிந்திருக்க வேண்டும். கடலையோ எள்ளோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

இனிப்பே இல்லாமலும் வைக்கலாம். சுண்டல், அவித்த கடலை, உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்ட நீர்மோர் ஆகியவற்றை நோயுள்ளவரும் மற்றவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், கருப்பட்டியும் வெல்லமும் ஆகும்" என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே. பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து உண்டு. ஆனால் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிக்கு எல்லாமே அளவுதான். எத்தனை சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு வைப்பது பற்றியும் முன்கூட்டியே கேளுங்கள். இன்சுலின் போடுபவர் வீட்டில் சர்க்கரையோ குளுக்கோஸோ அவசியம் இருக்க வேண்டும். திடீரென்று சர்க்கரை இறங்கி உடல் நடுங்கும்போது உடனே கொடுக்க வேண்டியது அதுதான்.

பெருநாளைக்கு வட்டலப்பம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உம்மாமார் கைப்பக்குவத்தை யாரால் விட முடியும்? சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாதீர்கள், அது போதும். பெருநாள் இனிப்பு பெருநாளைக்கு இருக்கட்டும். தினமும் பெருநாளாக வேண்டாம்.

டிரஸ்டும் தன் பங்கைச் செய்யும். மக்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வந்த கிரீம் பிஸ்கட்டை நிறுத்துகிறோம். அதற்குப் பதிலாகச் சுண்டலும் எள்ளுருண்டையும். அவற்றை நம் மஹல்லாவில் பலகாரம் செய்து பிழைக்கும் சகோதரிகளிடமே விலை கொடுத்து வாங்குவோம். அலுவலகத்துக்கு வருபவர்களுக்கு இனி நீர்மோர்தான்.

அந்தத் தாயார் அடுத்த மாதமும் வருவார். இந்த முறை அவர் தயங்காமல் குடிக்கும் ஒன்றை நாம் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் அனைவருக்கும் அல்லாஹ் உடல் நலத்தையும், அதைப் பேணும் எண்ணத்தையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.