பங்கில் பிறந்த முரசு



அமெரிக்காவில் முரசும் ஊதுகொம்பும் முழக்கி, பெரிய மைதானத்திலே அணிவகுத்து ஆடும் இளைஞர் குழுக்கள் உண்டு. 'டிரம் கோர்' என்பார்கள். அவற்றுள் பல கத்தோலிக்கப் பங்குகளிலே பிறந்தவை. நியூ ஜெர்சி மாநிலம் கார்பீல்டு நகரில் 1934-இல் தோன்றிய ஹோலி நேம் கேடட்ஸ் குழுவும் அப்படியே. பின்னாளில் அது பங்கை விட்டுப் பிரிந்தது. ஏனென்று நாம் ஆராயவில்லை. பங்குக் குருவின் செவிக்கும் முரசுக்கும் பொருத்தம் குறைவென்பதை நாமே அறிவோம்!

அக்குழு 1983 முதல் 1985 வரை தொடர்ந்து மூன்றாண்டு முதலிடம் பெற்றது. 1984-இல் அட்லாண்டாவில் பெர்ன்ஸ்டைனின் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசையை முழக்கியதைத்தான் ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். இருபுறமும் ஒன்றுபோல் நகரும் அணிவகுப்பைக் கண்டு பழகியவர்கள், வளைந்து நெளிந்து ஓடிய அவ்வரிசைகளைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். அதிகம் போனால் 128 பேர். அத்தனை பேரும் ஓட்டத்திலேயே ஊதினார்கள், அடித்தார்கள்.

தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த அக்குழு 2024-இல் மூடப்பட்டது. ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. ஆனால் அன்று நேரில் கேட்டவர்களோ, முரசொலி நெஞ்சிலே வந்து மோதியதையே சொல்கிறார்கள். அது பதிவில் அகப்படவில்லையாம்.