நாயின் வயிறும் எக்ஸ் கதிரும்

பேசத் தெரியாத நோயாளிக்கு வைத்தியம் செய்வது எளிதன்று. சிறு குழந்தையாவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். நாயோ உணவை மறுத்து மூலையில் சுருண்டு கிடக்கும். இடையிடையே வாந்தி எடுக்கும். அது சொல்லும் செய்தி அவ்வளவே. எஞ்சியதை மிருக வைத்தியர் தாமே கண்டறிதல் வேண்டும்.

பல்லேகலயில் ஒரு வீட்டு நாய் இரண்டு நாளாக இவ்வாறு கிடக்கின்றது என்று கொள்ளலாம். யாரோ தின்று எறிந்த சோளத்தண்டை அது விழுங்கியிருக்குமோ என்பது வீட்டாரின் ஐயம். கண்டி நகரைக் கடந்து பேராதனைக்குச் சென்றால், பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கின்றது. 1980 ஆம் ஆண்டில் தனிப் பீடமாக அமைந்த மிருக வைத்திய பீடத்தைச் சார்ந்தது அது. அங்கே எடுக்கப்படும் வயிற்றுப் படம் ஒரு கேள்விக்கு விடை தரவேண்டும்: வயிற்றைத் திறப்பதா, பொறுத்திருப்பதா? அடைபட்ட குடல் நேரஞ்செல்ல அழுகித் துளைபடும், உயிர் போகும். காரணமின்றிக் கத்தி வைப்பதும் தீங்கே.

1895 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியில் ரொண்ட்ஜன் என்னும் அறிஞர் இக்கதிரைக் கண்டார். அடுத்த மாதம் அவர் எடுத்த தம் மனைவியின் கைப்படத்தில் எலும்புகளும் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. தசையோ மங்கலாக இருந்தது. நாயின் வயிற்றுப் படமும் அத்தகைய நிழலே. அதில் ஐந்து நிறச்சாயல்கள் உண்டு. வாயு கருமையாகத் தெரியும். கொழுப்பு கருஞ்சாம்பல், நீரும் தசையும் ஈரல் முதலிய உறுப்புகளும் வெண்சாம்பல், எலும்பு வெண்மை, உலோகம் அதனினும் வெண்மை.

நீருக்கும் ஈரலுக்கும் ஒரே சாயல் என்பதை மறத்தலாகாது. இடையிலே கொழுப்பு இருப்பதனாலேயே உறுப்புகளின் விளிம்பு தெரிகின்றது. ஆகவே, மெலிந்த நாயிலும் சில மாதக் குட்டியிலும் நோயில்லாதபோதே படம் மங்கலாகும். வயிற்றினுள் நீரோ இரத்தமோ கசிந்தாலும் அதே மங்கல்தான். எது காரணம் என்பதைப் படம் மட்டும் சொல்லாது; நாயைத் தொட்டுப் பார்த்த கையும் சொல்லவேண்டும்.

நிழலுக்கு ஆழமில்லை. தோலில் ஒட்டிய பொருளொன்று, வயிற்றினுள் கிடப்பதுபோல் தோன்றலாம். ஆதலின் ஒரு பக்கமாகக் கிடத்தி ஒரு படமும், மல்லாத்தி மற்றொரு படமும் எடுப்பர். மறுபக்கமும் திருப்பிக் கிடத்தினால் இன்னும் நன்று. வாயு மேலே எழும்; நீர் கீழே தங்கும். இடப்பக்கமாகக் கிடக்கும் நாயின் இரைப்பை வாயிலில் வாயு சேர்வதால், அங்கே சிக்கிய பொருளின் உருவம் புலப்படும்.

படத்தைக் கண்டதும் கண் வெண்மையான பொருளை நோக்கி ஓடும். இதுவே பெரிய இடர். இரைப்பையில் ஓர் எலும்புத்துண்டு பளிச்சென்று தெரியலாம். அது நேற்றைய உணவாக இருக்கும். பெரும்பாலும் அமிலத்திற் கரைந்துவிடும். குடலை அடைத்த சோளத்தண்டோ சாம்பல் நிறத்துள் மறைந்து கிடக்கும். சிலவேளை வரிசையான சிறு வாயுப் புள்ளிகளே அதற்கு அடையாளம். துணியும் அவ்வாறே ஒளிந்துகொள்ளும். சிறுநீர்ப்பைக் கற்களுள்ளும் யூரேற்றுக் கற்கள் படத்தில் எளிதில் தெரியா.

எனவே தேர்ந்த வைத்தியர் ஓர் ஒழுங்கைக் கைவிடார். உதரவிதானம், ஈரல், இரைப்பை, மண்ணீரல், சிறுநீரகம், குடல், சிறுநீர்ப்பை, எலும்புகள் என ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒன்றைக் கண்டுபிடித்த பின்னும் நிறுத்தார். பொருள் தெரியாவிடினும் அதன் விளைவு தெரியும். அடைப்புக்கு முன்னுள்ள குடல் வீங்கும்; பின்னுள்ளது சுருங்கியிருக்கும். இடுப்புப் பகுதியின் ஐந்தாம் முள்ளெலும்பின் உயரமே இங்கு அளவுகோல். சிறுகுடலின் அகலம் அதன் 1.6 மடங்குக்கு உட்பட்டிருப்பது வழக்கம்; 2 மடங்கைத் தாண்டினால் அடைப்பெனப் பெரிதும் ஐயுறலாம். வாயு நிறைந்த பெருங்குடலைச் சிறுகுடலென மயங்கி அளத்தல் கூடாது.

ஐயம் தீராவிடின் சில மணி நேரம் கழித்து மீண்டும் படம் எடுப்பர். ஒலியலைப் பரிசோதனையும் உதவும். பேரியக் கரைசல் ஊட்டிப் பார்ப்பதும் உண்டு. குடல் துளைபட்டிருக்குமோ என்ற ஐயம் இருப்பின் அதனைக் கொடார். அறுவை செய்யப்படாத வயிற்றில், உதரவிதானத்தின் கீழ் வாயு தனித்து நிற்கக் கண்டால், பொறுத்திருக்க நேரமில்லை.

இவ்வளவுக்கும் வீட்டாரின் சொல் துணை. நாய் எதனைத் தின்றது, எப்பொழுது தின்றது, கடைசியாக எப்பொழுது மலங்கழித்தது என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுதல் நலம். வாயிலிருந்து நூல் தொங்கினால் அதை இழுக்கலாகாது. கடித்த பொருளின் மிச்சம் கிடைத்தால், அதனையும் கையோடு கொண்டுசெல்லவேண்டும். பல்லேகலயிலிருந்து புறப்படுமுன் முற்றத்தில் பொறுக்கியெடுத்த ஒரு துண்டுச் சோளத்தண்டு, பேராதனையில் அப்படத்தைப் படிப்பவருக்கு எதைத் தேடுவது என்று காட்டிக்கொடுக்கும்.