வெட்கம் வியாதியைத் தடுக்குமா?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மேடையில் பேசத்தகாதது என்று சிலர் சொல்லக்கூடும். பேசத்தகாதது என்று மூடி மூடி வைத்ததால்தான் இது இன்று பேசியே தீர வேண்டியதாகி விட்டது. கலாசாலையில் வாசிக்கும் வாலிபர்களும் பெண்களும், படிப்பு இருந்தும், மேக வியாதிகளுக்கு இடங்கொடுக்கும்படி ஏன் நடந்து கொள்ளுகிறார்கள் என்பதே கேள்வி.

"கலி முற்றிவிட்டது, ஒழுக்கம் கெட்டுவிட்டது" என்று வைதீகர்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அது பதிலாகுமா? கணவனிடமிருந்து வியாதி பெற்ற மனைவி எந்த ஒழுக்கம் தவறினாள்? 1986-ம் வருஷத்தில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் நமது சென்னையில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவில் அதுவே முதல் தடவை. நமது புராதனப் பெருமை கிருமியைத் தடுத்ததா?

உண்மைக் காரணங்களைப் பார்ப்போம். முதலாவது அறியாமை. பள்ளியில் அந்தப் பாடம் வந்தால் உபாத்தியாயர் பக்கத்தைப் புரட்டி விடுகிறார். வீட்டில் கேட்டால் வாயில் அடி. பிறகு பையன் யாரிடம் கற்பான்? கூட்டாளியின் வீம்புப் பேச்சிலும், கைப்பேசியில் வரும் ஆபாசப் படத்திலும் கற்கிறான். 2007-ல் வளரிளம் பருவக் கல்வியைப் பள்ளிகளில் கூடாதென்று மகாராஷ்டிரம், கர்நாடகம் முதலிய மாகாண சர்க்கார்கள் நிறுத்தின. பாடத்தை நிறுத்தினார்கள், வயதை நிறுத்த முடிந்ததா?

இரண்டாவது, "பார்த்தால் சுத்தமாயிருக்கிறார்; காதலித்தவரைச் சந்தேகிக்கலாமா" என்னும் எண்ணம். கிருமி முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மூன்றாவது குடி. தெளிந்த புத்தியில் செய்த தீர்மானம் இரண்டு கோப்பையில் கரைந்து போகிறது. நான்காவது, பெண்ணை அடிமையாக வைத்திருப்பது. ஆணுறை வேண்டுமென்று அவள் வாய் திறந்தால், "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அவள் மீதே பழி. வேண்டாமென்று சொல்ல உரிமையில்லாத இடத்தில் எச்சரிக்கை எங்கிருந்து வரும்?

ஐந்தாவது வெட்கம். மருந்துக் கடையில் நாலு பேர் நிற்கிறார்களென்று ஆணுறை கேட்காமல் திரும்புகிறவனை நினைத்துப் பாருங்கள். அவனுக்குப் பறங்கிப்புண் வந்தால் வைத்தியரிடம் போகவும் வெட்கப்படுகிறான். லேகியக்காரனிடமும் மந்திரிப்பவனிடமும் போகிறான். சில வாரங்களில் புண் ஆறுகிறது. லேகியமும் தாயத்தும் பலித்ததென்று சொல்லுகிறான். தோழர்களே, அந்தப் புண் மருந்தில்லாமலே தானாக ஆறக்கூடியது! வியாதி உள்ளே பதுங்கி, வருஷங்கள் கழித்து மூளையையும் இருதயத்தையும் தாக்கலாம். அதற்குள் இன்னொருவருக்கும் கொடுத்து விடுகிறான். மூடநம்பிக்கைக்கு இதைவிடச் சுலபமான வியாபாரம் உண்டா? காலத்தில் போயிருந்தால் பெனிசிலின் ஊசியில் தீர்ந்திருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? ஆணுறை வாங்குவது மானக்கேடல்ல. குடை வாங்குவது போன்ற காரியம். சர்க்கார் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும். தவறு நேர்ந்ததாகச் சந்தேகமிருந்தால் 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, வைத்தியரிடம் போனால் எச்.ஐ.வி. தொற்றாதிருக்க மருந்து உண்டு. தொற்றியவர்களுக்கும் 2004 முதல் சர்க்கார் இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கிறது. அதை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், கலவியால் அது பிறருக்குப் பரவுவதில்லை. அவர்களை ஒதுக்குவது 2017-ம் வருஷச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதற்கு மேலாக மனிதத்தன்மைக்கே விரோதம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகள் தவறிவிட்டுப் பயந்து நிற்கும்போது முதலில் உங்களிடம் வருவார்களா, லேகியக்காரனிடம் போவார்களா? அதை இன்று இரவு வீட்டிற்குப் போய் யோசியுங்கள். அவர்கள் உங்களிடம் வரும்படி நடந்து கொள்ளுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.