எண்ணெய் காய்ந்த பிறகே மெழுகு

மரமேசைக்கு லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெய் பூசினால் மறுநாளே மெழுகு தேய்க்காதீர்கள். எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகும். பேணியில் 'பொயில்ட்' என்றிருந்தால் சில நாட்கள், 'ரோ' என்றால் வாரக்கணக்கு. மெழுகு, எங்கள் கணக்குத் தொழிலில் ஐந்தொகை மாதிரி, கடைசியில்தான் வரவேண்டும். அதன்மேல் வார்னிஷ் ஒட்டாது. மினுக்கம் தரும், ஆனால் சுடுதேநீர்க் கோப்பையைத் தாங்காது. தேன்மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகத் தொடங்கிவிடும்.

எண்ணெய் துடைத்த துணியில்தான் பெரிய ஆபத்து. இறுகும்போது எண்ணெய் சூடாகும். கசக்கிப் போட்ட துணி தானாகவே தீப்பற்றக்கூடும். நாங்களோ அதைக் கராஜ் மூலையில் எறிந்துவிட்டுப் படுக்கப் போகிறோம். மேல்மாடியில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். மழை, பனியென்றால் தண்ணீர் நிரப்பிய தகரப் பேணியில் அமிழ்த்தி மூடிவையுங்கள்.