14 பேர், ஒரு வேன், ஒரு நாள் மாமல்லபுரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தொழிற்சாலை அனுபவத்தைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஆனால் இறுதியாண்டு மாணவர்கள் அடுத்த மாதம் வேன் பிடித்து மாமல்லபுரம் போகிறார்கள் என்று செயலாளர் சொன்னதும் தலைப்பை மாற்றிக்கொண்டேன். லைன் நின்றது, மெஷின் எரிந்தது எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் போட்ட திட்டங்களிலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு வேன் ட்ரிப்தான்.

நான் குடியிருப்பது ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டு. 2022-இல் மத்திய தொல்லியல் துறை அங்கே மேட்டைத் தோண்டியது. கற்காலக் கருவிகள், கண்ணாடி மணிகள், ரோமானியர் மதுச்சாடியின் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்தன. தினமும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் எங்களுக்கு அதுவரை எதுவும் தெரியாது. கடல் தாண்டி வந்த சாடி எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்திருக்கிறது, நாம் ஒரு நாள் கடல் பார்த்துவிட்டு வரக்கூடாதா என்று டீக்கடையில் பேச்சு வந்தது. அந்த டிசம்பரிலேயே கிளம்பினோம். பொறுப்பு என் தலையில்.

வழி சுலபம். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திருக்கழுக்குன்றத்தில் கழுகு பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், அவை வருவது நின்று பல வருஷம் ஆயிற்று. வண்டி மஞ்சள் போர்டாக இருக்கட்டும். தெரிந்தவர் வண்டி, வெள்ளை போர்டு, வாடகை குறைவு என்பார்கள். ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அந்த போர்டைத்தான். டிரைவர் முதல் நாள் ராத்திரி வேறு சவாரி போனாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஊருக்குப் போன சென்னைக்காரர்கள் எல்லாரும் பரனூர் டோலில்தான் வந்து நிற்பார்கள். அதனால் நாலு மணிக்கே மாமல்லபுரத்தை விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் நான் சரியாகத்தான் செய்தேன். எக்ஸெல் ஷீட் போட்டேன். 14 சீட், 14 பேர். காலை 7 மணிக்கு வேன் வாசலில் நின்று எண்ணினேன். 14. டிக் போட்டேன், வண்டி கிளம்பியது.

முதலில் ஐந்து ரதம். கடற்கரைக் கோயிலுக்கும் அதே டிக்கெட்தான். நம்மவர்கள் அங்கே செல்பி எடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள். ஏழாம் நூற்றாண்டு வேலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். அடிப்பகுதி முடியாமலே நிற்பதைப் பார்த்தால் புரியும். சாரம் தேவையில்லை, ஆனால் ஒரு இடத்தில் கூடுதலாக வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாது. ரீவொர்க் என்ற பேச்சே இல்லை. எங்கள் குவாலிட்டி ஆள் ஒருவர் யானைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டார்.

பதினொன்றரைக்குக் கடற்கரை. அலை பெரிசாக இருந்தது. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் அலை உடையாமல் சாந்தமாகத் தெரிந்தது. எங்கள் பசங்கள் அங்கேதான் இறங்கினார்கள். நானும் நல்ல இடம் என்றுதான் நினைத்தேன். எட்டாம் வகுப்புக் கணக்குதான் நண்பர்களே, கரைக்கு வந்த தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போயாக வேண்டும். அது குறுகலான ஒரு பாதையில் சேர்ந்து வேகமாக உள்ளே போகும். அந்தப் பாதையில்தான் அலை உடையாது, பார்க்க அமைதியாக இருக்கும். ப்ளூயிட் மெக்கானிக்ஸில் நல்ல மார்க் வாங்கிய எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

இடுப்பளவில் நின்ற ஒரு பையன் ஐந்து நிமிஷத்தில் கைக்கு எட்டாத தூரம் போய்விட்டான். கரையை நோக்கி எதிர்த்து நீந்தினான். அதுதான் செய்யக்கூடாதது. மிதந்துகொண்டு, கரைக்குப் பக்கவாட்டாகப் போய் இழுப்பை விட்டு விலகி, அப்புறம்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த மீனவர் இருவர் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படகைத் தள்ளிக்கொண்டு போய் அவனைத் தூக்கி வந்தார்கள். 108-ஐக் கூப்பிட்டோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்டார்: "பேஷண்ட் பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

என் ஷீட்டில் அவன் இல்லை. லிஸ்டில் இருந்தவர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையில் நின்றுவிட்டு, தன் சீட்டை இவனுக்குக் கொடுத்திருக்கிறார். எண்ணிக்கை சரி, ஆள் வேறு. ஒடிசாவிலிருந்து வந்த காண்ட்ராக்ட் பையன். எட்டு மாதமாக என் லைனில் வேலை பார்த்தவன்தான். நாங்கள் எல்லாரும் அவனைத் "தம்பி" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். போன் பையில் இருந்தது, லாக் போட்டிருந்தது. அவனை வேலைக்குச் சேர்த்த காண்ட்ராக்டர் ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கவில்லை. அவன் அம்மாவுக்கு யார் சொல்வது, எந்த மொழியில் சொல்வது என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தை நான் யாருக்கும் விரும்பமாட்டேன்.

கண் விழித்து அவனே பேரைச் சொன்னான். இன்னொன்றும் சொன்னான். மூன்றாவது ஷிப்ட் முடித்து, காலை ஆறரைக்கு கேட்டுக்கு வெளியே வந்து, தூங்காமல் நேராக வேனில் ஏறியிருக்கிறான். கடல் பார்த்ததில்லையாம். அதனால் தூக்கம் வரவில்லையாம்.

மறுநாள் அந்த மீனவர்களுக்குப் பணம் கொடுக்கப் போனேன். பெரியவர் வாங்கவில்லை. "காசு வேணாம் சார், அடுத்த தபா வந்தா எங்க இறங்கலாம்னு எங்களைக் கேட்டுட்டு இறங்குங்க" என்றார்.

2023 மார்ச்சில் திரும்பவும் போனோம். நின்றுவிடலாம் என்றுதான் பலர் சொன்னார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தத் தடவை வேன் வாசலில் நான் எண்ணவில்லை, ஒவ்வொருவர் பேரையும் கூப்பிட்டு ஏற்றினேன். முழுப்பேர், ரத்த வகுப்பு, வீட்டு நம்பர், வீட்டில் பேசும் மொழி, நாலும் ஒரே பேப்பரில். ஒரு காப்பி என்னிடம், ஒன்று டிரைவர் அண்ணனிடம், ஒன்று ஊரில் நின்றுவிட்ட ஒருவரிடம். ராத்திரி ஷிப்ட் முடித்தவருக்குக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் இல்லை. இதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டு பேசாமலே இருந்தார், இருக்கட்டும்.

மாணவர்களே, உங்கள் லிஸ்டையும் பார்த்தேன். 22 பேர், வரிசையாக ரோல் நம்பர். கீழே "பிளஸ் மெஸ் அண்ணன் ஒருவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பேரைக் கேட்டு எழுதிவிட்டு அந்தப் பேப்பரைச் செயலாளரிடம் கொடுங்கள். வேன் அட்வான்ஸ் எங்கள் செட் சார்பில் நான் தருகிறேன்.

அந்த ஒடிசா தம்பியும் மார்ச்சில் வந்தான். தண்ணீரில் இறங்கவில்லை. 14 பேர் செருப்பையும் போனையும் சுற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து, வீட்டுக்கு வீடியோ கால் போட்டு அம்மாவுக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தான்.