பெயரை விட்டு நிலத்தைத் தேடுவோம்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வீடு வாங்கியவர்களுக்கு மூலப்பத்திரம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. 1970களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஊர்களில் 332 ஏக்கரில் இந்தத் தொழில்நகரை அமைத்தது. இங்கே மனை வாங்குகிறவரின் வக்கீல் சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டு, விற்றவர், அவருடைய தகப்பனார், பாகம் பிரித்த அண்ணன் தம்பிகள் என்று பின்னோக்கிப் போகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏதோ ஒரு கிராமத்தில் வாழ்ந்து மறைந்த முப்பாட்டனைத் தேடுகிறவருக்கும் அதுவே வழி என்பது என் கட்சி.

பெயரை வைத்துத் தொடங்கினால் சீக்கிரமே முட்டிக்கொள்வோம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாட்டன் பெயர் பேரனுக்கு வருகிறது. ஒரே ஊரில் மூன்று கருப்பண்ணன்கள் இருப்பார்கள், அவர்களில் இருவருக்குத் தகப்பனார் முத்துசாமியாக இருப்பார். நிலம் அப்படிக் குழப்புவதில்லை. மைசூரில் 1863இல் நில அளவை தொடங்கியது. சென்னை மாகாணத்து செட்டில்மெண்ட் பதிவேட்டிலோ புல எண், நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். இனாம் நிலமானால் 1858இல் அமைந்த இனாம் கமிஷன் இன்னும் தாராளம்: மானியம் எதற்காக, யாருக்கு, இப்போது அனுபவிப்பவர் யார் என்று விசாரித்து எழுதி வைத்தது. இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது பத்திரத்தின் நான்கெல்லை. கிழக்கே இன்னார் புஞ்சை, வடக்கே இன்னார் தோட்டம் என்று வரும் பெயர்களில் பாதிப்பேர் பங்காளிகளாகவே இருப்பார்கள். பாகப்பிரிவினையில் கிழிந்த துண்டுகள்தானே அவை. பட்டாவில் ஏறாத பெண்கள்கூட, மைனர் மகனுக்குக் கார்டியனான தாயார் என்று பத்திரத்தில் தலைகாட்டுவார்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: செத்தவர் பெயரிலேயே பட்டா பல காலம் ஓடும். பட்டாவில் பெயர் இருப்பதால் ஆள் உயிரோடு இருந்தார் என்று சொல்லிவிட முடியாது.

குலதெய்வக் கோயில் இருக்கும்போது இந்தக் காகிதமெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் ஊரைக் காட்டும், வகையறாவைக் காட்டும். தனி மனிதரைக் காட்டாது. தேடலை எந்த ஊரில் தொடங்குவது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை, அதோடு அதன் வேலை முடிந்தது.

நிலமே இல்லாதவர் என்ன செய்வது என்ற கேள்விதான் கனமானது. அவர்களில் கப்பலேறியவர்களுக்கு வேறு கணக்கு இருக்கிறது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ கப்பல் முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களுக்கான பதிவேட்டில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலிலுள்ள தழும்பு வரை எழுதினார்கள். ஆளை அடையாளம் பிடிக்கச் செய்த ஏற்பாடு அது, அன்பினால் அல்ல. விளைவு என்னவென்றால், பத்து ஏக்கர் வைத்திருந்தவரின் உயரம் நமக்குத் தெரியாது, அவருடைய காட்டில் கூலிவேலை செய்துவிட்டுக் கடல் கடந்தவரின் உயரம் தெரியும். ஊரிலேயே கூலியாக இருந்து மாண்டவருக்கு இரண்டு வழியும் அடைப்பு. அவரைப் பொறுத்தவரை என் வாதம் செல்லாது.