பிரிக்கக் கூடாத கடிதம்



பாஸ்கா விழா முடிந்து எருசலேமிலிருந்து ஊர் திரும்பும் கூட்டத்தில் தங்கள் பன்னிரண்டு வயது மகன் இல்லை என்பது, ஒரு நாள் பயணத்துக்குப் பிறகே மரியாவுக்கும் யோசேப்புக்கும் தெரிகிறது (லூக்கா 2:41-52). உறவினரோடு வந்துகொண்டிருப்பான் என்று நினைத்திருந்தார்கள். பிள்ளையை ஒரு பகல் முழுவதும் கண்ணில் காணாமல் நடக்கவிட்ட இவர்களைத்தான் திருக்குடும்பத்தின் பெற்றோர் என்று நாம் வணங்குகிறோம். நாமோ டியூஷன் விட்டுப் பிள்ளை வரப் பத்து நிமிடம் தாமதமானால் நான்கு முறை போன் போடுகிறோம். காரணம் இல்லாமல் இல்லை. அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள். இன்று பிள்ளையின் செல்போனுக்குள் இருக்கும் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

"சாமி, பிள்ளையோட மெசேஜை நாங்க எடுத்துப் பார்க்கலாமா? அது பாவமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைக்குத் தெரிந்து பார்ப்பது ஒன்று, தெரியாமல் பார்ப்பது வேறு. முதலாவது பெற்றோரின் கடமைக்குள் வரும். இரண்டாவது, பிள்ளைக்குப் பெரிய ஆபத்து என்று அஞ்ச உண்மையான காரணம் இருந்தாலொழிய, வராது.

ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது அல்ல. பங்கு அலுவலகத்தில் அவர் சொன்னதை, அவருடைய சம்மதத்தோடு சொல்கிறேன். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. ஓர் இரவு மகள் தூங்கிய பிறகு அவளுடைய வாட்ஸ்அப்பைத் தன் லேப்டாப்பில் இணைத்துக்கொண்டார். அதற்கு ஒரு நிமிடம் போதும். இரண்டு மாதம் இரவுதோறும் படித்தார். தப்பாக ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள், மகள் தன் தோழிக்கு எழுதியிருந்ததைப் பார்த்தார். கணக்கில் தேறமாட்டேன் என்று பயமாக இருக்கிறது, தூக்கமே வருவதில்லை, அம்மாவிடம் சொன்னால் உடனே அப்பாவுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தாள். அந்தத் தாய்க்கு அப்போதே எழுந்து போய் மகளை அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முடியவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மகள் கேட்டால் என்ன சொல்வது? ஒளிந்திருந்து தெரிந்துகொண்டதால், தெரிந்தும் உதவ முடியாமல் போயிற்று. கடைசியில் உண்மையைச் சொல்லி, மகளின் கண்முன்னேயே இணைப்பை நீக்கினார். மகள் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை உண்டு என்றுதான் அந்தத் தாயிடம் சொன்னேன்.

மரியா என்ன செய்தார் என்று பாருங்கள். மூன்றாம் நாள் மகனைக் கோவிலில் கண்டதும், போதகர்கள் நடுவிலேயே, நாங்கள் எவ்வளவு தவித்துத் தேடினோம் என்று நேராகக் கேட்டுவிடுகிறார். மகன் சொன்ன பதில் பெற்றோருக்குப் புரியவில்லை என்றும் லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். நடந்ததையெல்லாம் மரியா தம் உள்ளத்தில் வைத்துக்கொண்டார். நாசரேத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லவில்லை. நம்மிடத்தில் என்றால், பிள்ளையின் போனில் படித்தது அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கொடிமரத்தடிக்கு வந்துவிடும்! அந்தப் போனில் உங்கள் பிள்ளையின் இரகசியம் மட்டும் இல்லை. அவனை நம்பி இன்னொரு வீட்டுப் பிள்ளை எழுதிய கண்ணீரும் இருக்கிறது. அதைப் படிக்க அந்தப் பிள்ளை உங்களுக்கு அனுமதி தரவில்லை.

வயதான அருட்சகோதரிகளைக் கேட்டால் ஒரு செய்தி சொல்வார்கள். முன்பு பல துறவற இல்லங்களில் தபாலில் வரும் கடிதங்களையும், அனுப்பும் கடிதங்களையும் தலைமைச் சகோதரி பிரித்துப் பார்ப்பது வழக்கம். எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது, ஒளிவுமறைவு இல்லை. அந்தக் கண்டிப்பான காலத்திலும், 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஒரு விலக்கு வைத்திருந்தது. திருத்தந்தையின் அலுவலகத்துக்கோ, தமக்குப் பொறுப்பான ஆயருக்கோ, சபையின் மேல்நிலைத் தலைவருக்கோ ஒருவர் எழுதும் கடிதத்தை யாரும் பிரிக்கக் கூடாது. இல்லத்துக்குள் ஒரு தவறு நடந்தால் அதைச் சொல்ல ஒரு வழி வேண்டுமே! இப்போதைய 1983 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது.

பிள்ளைக்கும் அப்படிப் பிரிக்கப்படாத ஒரு கடிதம் வேண்டும். சித்தியோ, மாமாவோ, ஞானத்தாயோ, அவள் நம்பிப் பேசும் ஒரு பெரியவர். அந்த உரையாடலை நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆபத்து என்றால் கதை வேறு. பிள்ளை திடீரென்று சாப்பிடாமல் ஒதுங்கினால், போன் ஒலித்தாலே நடுங்கினால், யாரோ புகைப்படம் கேட்டு மிரட்டுவதாகத் தெரிந்தால், தயங்காமல் பாருங்கள். பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். மெசேஜ்களை அழிக்காதீர்கள், அவைதான் சான்று. சிறார் உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. சிறார்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். குடும்ப மானம் என்று மூடிவைக்க இடமில்லை. இன்னொன்று, அந்த நேரத்தில் போனைப் பிடுங்கித் தண்டிக்காதீர்கள். போன் போய்விடுமே என்ற பயத்தாலேயே எத்தனையோ பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

வயதும் முக்கியம். பத்து வயதில் தனியாக ஒரு செல்போனே வேண்டாம் என்பது என் கருத்து. பதினேழு வயதிலும் ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த ஆண்டு கல்லூரி விடுதிக்கு அவனோடு யார் போவது? பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதைவிட அவன் உள்ளம் எங்கே நிற்கிறது என்பதே பெரிய கேள்வி என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் 'அன்பின் மகிழ்வு' மடலில் பெற்றோருக்கு நினைவூட்டினார்.

திருமுழுக்கு அன்று ஒரு மோதிரமும் புதுச் சட்டையும் வாங்கித் தந்ததோடு, நம் பிள்ளைகளின் ஞானப்பெற்றோர் பலருக்கு வேலை முடிந்துபோயிற்று. இந்த வாரம் அவர்களை அழையுங்கள். "எங்க பிள்ளை உங்ககிட்ட எது பேசினாலும் நாங்க கேட்கமாட்டோம், உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் எங்களுக்குச் சொல்லுங்க" என்று, பிள்ளை காதுபடச் சொல்லுங்கள். பழக்கம் விட்டுப்போய்ப் பெயர்கூட மறந்திருந்தால் கவலைப்படாதீர்கள். திருமுழுக்குப் பதிவேடு பங்கு அலுவலகத்தில் இருக்கிறது, பார்த்துச் சொல்வார்கள்.